ஏரிக்கரை வீடுகள் – கடிதம்

அன்புள்ள சார்,

அயர்லாந்து ஓவியர் பால் ஹென்றியின் 'ஏரிக்கரைக் குடில்கள்' ஓவியத்தைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். நீல மலை, வெள்ளை வீடுகள், தண்ணீர், மேகம். மளிகைக்கடை காலண்டர் மாதிரி இருக்கிறது. ஒரு ஆள்கூட இல்லை. இதில் என்ன கண்டீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

காலண்டர் என்றது தப்பில்லை. 1920களில் ஒரு பிரிட்டிஷ் ரயில் கம்பெனி அயர்லாந்தின் மேற்கிலுள்ள கோனமாரா பகுதியை இவர் வரைந்த ஓவியத்தைச் சுற்றுலா போஸ்டராக அடித்து ஒட்டியது. பிறகு அயர்லாந்து என்றாலே நீல மலையும் கூரைவீடும்தான் என்றாகிவிட்டது.

படத்தை உங்கள் போனில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். ஒன்றும் குலையாது. ஹென்றி பாரிஸில் அமெரிக்க ஓவியர் விஸ்லரிடம் படித்தவர். எது எவ்வளவு இருட்டு என்று அளந்து வைக்கும் கை அங்கே பழகியது. இன்னொரு காரணமும் உண்டு. அவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது! பச்சைத் தீவு என்று பேரெடுத்த நாட்டை நீலத்திலும் சாம்பலிலும் வரைந்து, ஊரையே நம்பவைத்துவிட்டார் மனிதர்.

ஆட்கள் விஷயத்துக்கு வருகிறேன். 1910இல் விடுமுறைக்காக அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆக்கில் தீவுக்குப் போனவர், திரும்பும் டிக்கெட்டைக் கிழித்துக் கடலில் போட்டதாக அவரே எழுதியிருக்கிறார். 1919 வரை அங்கேதான் இருந்தார். அப்போது வரைந்தவற்றில் படகு தள்ளுகிறவர்களும் கிழங்கு தோண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். போகப்போக ஆட்கள் மறைந்து வீடும் வானமும் மட்டும் மிஞ்சின. தீவுக்காரர்கள் தங்களை வரைய விடத் தயங்கினார்கள் என்பது ஒன்று. சுற்றுலாப் பயணிக்கு ஆளில்லாத ஏரிதான் பிடிக்கும் என்பதும் ஒன்று என நினைக்கிறேன்.

ஆனால் அந்த வெறுமை முழுப் பொய்யும் அல்ல. ஆக்கில் இளைஞர்கள் வருடாவருடம் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு பொறுக்கும் கூலிவேலைக்குப் போனார்கள். 1937இல் அங்கே கிர்கின்டில்லாக் என்ற ஊரில் தங்கியிருந்த கொட்டகை தீப்பிடித்து அவர்களில் 10 பேர் செத்தார்கள். ஹென்றி இந்தப் பக்கத்தை வரையவில்லை. அவர்மேல் எனக்குள்ள குறை அதுதான். ஆனாலும் அந்த வீடுகளைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே யார் மிச்சம் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. மளிகைக்கடை காலண்டர் என்னை அப்படிக் கேட்க வைத்ததில்லை.

அவருடைய 1912ஆம் வருட 'உருளைக்கிழங்கு தோண்டுபவர்கள்' படத்தையும் தேடிப் பாருங்கள். குனிந்து வேலை செய்யும் பெண்கள். அதில் ஒரு சிவப்புப் பாவாடை இருக்கிறது. சிவப்பு பிடிபடாத கண் வைத்த சிவப்பு.

அன்புடன்