அடுப்பில்லாமல் 14 பிள்ளைகளுக்கு ஓர் இனிப்பு

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் 6 முதல் 10 வயது வரையுள்ள 14 குழந்தைகள் கூடுகிறார்கள். அடுத்த வாரம் அவர்களே ஏதாவது இனிப்பு செய்து, தாங்களும் தின்று, வீட்டுக்கும் கொண்டுபோக வேண்டும் என்று ஆசை. கூடத்தில் அடுப்பு கிடையாது. கடலை மிட்டாய், பொரியுருண்டை, அவல் என்று மூன்று வகை யோசித்திருக்கிறேன். சரிவருமா? – ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: மூன்று வேண்டாம், ஒன்று போதும். கடலை மிட்டாயையும் பொரியுருண்டையையும் முதலில் விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் வெல்லப்பாகு 120 டிகிரிக்கு மேல் கொதிக்க வேண்டும். கையில் பட்டால் வெந்நீர் போல வழிந்து ஓடாது, தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஆறவிட்டுக் கொடுக்கலாம் என்றால், அதற்குள் பாகு இறுகி உருண்டை பிடிக்கவே வராது. அவலில் தேங்காய் சேர்ந்தால் அன்றைக்கே தின்றாக வேண்டும், வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் புளித்துவிடலாம்.

உங்களுக்கு ஏற்றது பொட்டுக்கடலை மாவுருண்டை, அதாவது மாலாடு. பொட்டுக்கடலை 300 கிராம், சர்க்கரை 200 கிராம், ஏலக்காய் 6, நெய் 150 மில்லி. ஆளுக்கு இரண்டு வீதம் நெல்லிக்காய் அளவில் 28 உருண்டை வரும், கொஞ்சம் மாவும் மிஞ்சும். அந்த மிச்சம் வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

அரைப்பது முதல் நாளே வீட்டில் நடக்கட்டும். பொட்டுக்கடலை நமுத்திருந்தால் வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் சூடு காட்டுங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் மிக்ஸி. சூட்டோடு அரைத்தால் மாவு ஜாரோடு அப்பிக்கொள்ளும். சர்க்கரையை ஏலக்காயோடு தனியாகப் பொடித்து, இரண்டையும் சேர்த்துச் சலியுங்கள். சலிக்காமல் விட்டால் நறநறவென்று பல்லில் கடிபடும், உருண்டையும் அந்தக் குருணை இருக்கும் இடத்தில்தான் விரியும்.

பெரும்பாலோர் தவறுவது நெய்யில். எல்லா மாவையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டி மொத்த நெய்யையும் ஊற்றினால், ஐந்தாவது பிள்ளை பிடிக்கும்போதே நெய் ஆறி மாவு உதிரத் தொடங்கும். அதனால் ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கு 3 மேசைக்கரண்டி மாவு. நெய்யை வீட்டில் உருக்கி ஃப்ளாஸ்க்கில் எடுத்துவாருங்கள், அல்லது நெய்க் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். நான்கு நான்கு பேராக உட்கார வைத்து, தட்டுக்கு 2 தேக்கரண்டி நெய்யை நீங்களே விடுங்கள். முதலில் கரண்டிக் காம்பால் கலக்கட்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் கை வைக்கலாம்.

கை கழுவியதும் துணியால் ஒட்ட ஈரம் போகத் துடைக்கச் சொல்லுங்கள். ஈரக்கையில் மாவு பசை போல அப்பும். இன்னொன்று, பிள்ளைகள் களிமண் மாதிரி எடுத்தவுடன் உருட்டப் பார்ப்பார்கள், அப்போதுதான் உடையும். 'உருண்டை பிடிக்கிறது' என்று நாம் சும்மா சொல்வதில்லை. உள்ளங்கையில் வைத்து நான்கைந்து முறை இறுக்கிப் பிடித்து, கெட்டியான பிறகு மெல்ல உருட்டி வழவழப்பாக்க வேண்டும்.

உதிர்ந்தால் இன்னும் அரைத் தேக்கரண்டி சூடான நெய். பாலோ தண்ணீரோ தெளித்தால் உடனே பிடிக்க வரும், ஆனால் மறுநாளே ஊசிப்போகும். நெய் கூடிப்போய் உருண்டை அடை போல உட்கார்ந்தால்தான் அந்த மிச்ச மாவு. ஒரு கரண்டி சேர்த்துப் பிசைந்து மறுபடி பிடிக்கலாம்.

மாலாடில் முந்திரியும் போடுவதுண்டு, ஆனால் அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முன்கூட்டியே பெற்றோரிடம் கேளுங்கள், பாலும் நெய்யும் ஆகாத பிள்ளை உண்டா என்பதையும் சேர்த்து. ஒருவருக்கு ஆகாது என்றாலும் முந்திரியை அடியோடு விட்டுவிடலாம், மாலாடுக்கு அது அலங்காரம்தான். போட்டால் நெய்யில் வறுத்துப் பொடியாக உடைத்துப் போடுங்கள். வீட்டில் காத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முழுப்பருப்பு தொண்டையில் சிக்கும். கைக்குழந்தைக்கு உருண்டையே கொடுக்கக் கூடாது.

பிடித்ததும் டப்பாவில் அடுக்காதீர்கள். கால்மணி நேரம் தட்டில் ஆறினால் நெய் இறுகி உருண்டை நிற்கும். பிறகு ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றலாம். ஈரம் படாமல் வைத்தால் 10 நாள் வரை கெடாது, அவ்வளவு நாள் மிஞ்சினால்.