யானோஷ் காதார் சோவியத்தின் கைப்பாவையா, ஹங்கேரிக்கு நல்லது செய்தவரா?

1956 முதல் 1988 வரை ஹங்கேரி கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையில் இருந்த மனிதரைப் பற்றிய கேள்வி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் எனக்குக் கஷ்டம். ஆனால் 'கைப்பாவை' என்பதை நிச்சயமாக ஏற்க மாட்டேன். அப்படிச் சொன்னால் அவர் சுலபமாகத் தப்பித்துவிடுகிறார். கைப்பாவைக்கு ஏது பழி?

இன்று குரோவேஷியாவில் ரியேக்கா என்று அழைக்கப்படும் ஃபியூமே நகரில் 1912-ல் பிறந்தார். அம்மா வீட்டு வேலை செய்தவர், திருமணம் ஆகாதவர். அப்பா ஒரு சிப்பாய், பிள்ளையை ஏற்கவில்லை. கொஞ்ச காலம் கிராமத்தில் வளர்ப்புக் குடும்பத்திடம் வளர்ந்து, பிறகு அம்மாவோடு புடாபெஸ்ட் வந்து, தட்டச்சுப்பொறி பழுதுபார்க்கும் வேலை கற்றுக்கொண்டார். பதின்வயதில் சதுரங்கப் போட்டியில் ஜெயித்ததற்குப் பரிசாகக் கிடைத்தது எங்கெல்ஸின் புத்தகம். 1931-ல் தடைசெய்யப்பட்ட கட்சியில் சேர்ந்தார். போருக்குப் பின் நாட்டை ஆண்ட ராகோஷி போன்ற கட்சித் தலைவர்கள் போர்க்காலத்தை மாஸ்கோவில் கழித்தபோது, இவர் உள்ளூரிலேயே தலைமறைவாக வேலை பார்த்தார். பிற்காலத்தில் மக்கள் இவரை ஓரளவு சகித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆளைப் புரிந்துகொள்ள 1949-ஐப் பார்க்க வேண்டும். உள்துறை அமைச்சராக இருந்த லாஸ்லோ ராய்க் 1948-ல் வெளியுறவுத் துறைக்கு மாற்றப்பட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் காதார். இருவரும் நெருங்கிய தோழர்கள், ராய்க்கின் மகனுக்குக் காதார்தான் ஞானத்தந்தை என்பார்கள். அடுத்த ஆண்டே, ஸ்டாலினோடு முறித்துக்கொண்டிருந்த யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவுக்கு உளவு பார்த்ததாகப் பொய்க் குற்றம் சாட்டி ராய்க்கைப் பிடித்தார்கள். அவரை வாக்குமூலத்துக்கு இணங்கவைக்கச் சென்ற இருவரில் காதாரும் ஒருவர். அந்த உரையாடல் பதிவும் ஆனது. ராய்க்கைத் தூக்கிலிட்டார்கள். 1951-ல் காதாரின் முறை வந்தது, ஆயுள் தண்டனை. 1954-ல் வெளியே வந்தார். அப்போது பிரதமர் யார் தெரியுமா? ஸ்டாலின் காலத்துக் கெடுபிடிகளைத் தளர்த்திக்கொண்டிருந்த இம்ரே நாகி.

1956 அக்டோபரில் சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்துப் புடாபெஸ்ட் கொந்தளித்தபோது நாகி மறுபடி பிரதமர் ஆனார், காதார் கட்சித் தலைவர். நவம்பர் 1 அன்று சோவியத் தலைமையிலான ராணுவக் கூட்டணியான வார்சா ஒப்பந்தத்திலிருந்து ஹங்கேரி விலகுவதாக நாகி அறிவித்தார். அன்றிரவு மக்கள் எழுச்சியைப் புகழ்ந்து காதாரின் பேச்சு வானொலியில் ஒலிபரப்பானது. அதே இரவில் ஆளைக் காணோம். சோவியத் தூதரகம் வழியாக மாஸ்கோவுக்குப் போய்விட்டார். அங்கே உடனே தலையாட்டிவிடவும் இல்லை. ராணுவத்தை வைத்து அடக்கினால் கம்யூனிஸ்டுகளுக்கு நாட்டில் துளி மரியாதை மிஞ்சாது என்றுதான் முதலில் வாதாடினார். அப்புறம் ஒப்புக்கொண்டார். நவம்பர் 4 அன்று டாங்குகள் நுழைந்தன. 7-ஆம் தேதி காதார் சோவியத் கவச வாகனத்தில் தலைநகருக்கு வந்து சேர்ந்தார்.

யூகோஸ்லாவியத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த நாகிக்கு, வெளியே வந்தால் ஆபத்து இல்லை என்று காதார் எழுத்தில் உறுதி கொடுத்தார். அதை நம்பிப் பேருந்தில் ஏறியவர்களைச் சோவியத் ஆட்கள் பிடித்து ருமேனியாவுக்குக் கொண்டுபோனார்கள். 1958 ஜூன் 16 அன்று நாகி தூக்கிலிடப்பட்டார். மாஸ்கோ சொன்னதால்தான் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் சோவியத் தரப்பு விசாரணையைத் தள்ளிப்போடத்தான் சொன்னது. லேசான தண்டனையோடு முடித்துக்கொள்ளவும் வழி இருந்தது. நாகி உயிரோடு இருக்கும் வரை தன் பதவிக்கு நியாயம் கிடைக்காது என்று காதார் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் ஸ்டாலின் பாணிக்குத் திரும்பவில்லை. "எங்களுக்கு எதிராக இல்லாதவர்கள் எங்களோடு இருப்பவர்கள்" என்பது 1960-களின் தொடக்கத்தில் அவர் பிடித்த வழி. 1963-ல் பொதுமன்னிப்பு. 1968 ஜனவரியில் புதிய பொருளாதார முறை: ஆலைகளுக்கு மேலிருந்து இலக்கு திணிப்பது நின்றது, விலைகளில் ஒரு பகுதி சந்தைக்கு விடப்பட்டது, விவசாயிகள் வீட்டையொட்டிய நிலத்தில் விளைவித்து விற்றார்கள். கலை இலக்கியத்தை ஆதரிப்பவை, பொறுத்துக்கொள்பவை, தடைசெய்பவை என்று பிரித்து வைத்திருந்தார்கள். எழுத்தாளர்கள் அந்த நடுவறையில் காலம் தள்ளினார்கள். தனக்குச் சிலை வைக்க அவர் விடவில்லை; சதுரங்கமும் சீட்டும் போதும் என்று இருந்தார். ஆனால் அதே 1968 ஆகஸ்டில், கெடுபிடிகளைத் தளர்த்திக்கொண்டிருந்த செக்கோஸ்லோவாக்கியத் தலைவர் துப்செக்கைச் சந்தித்துப் பேசிய சில நாட்களிலேயே, சோவியத் தலைமையில் அங்கே படையனுப்பியவர்களோடு சேர்ந்துகொண்டார். 1974-ல் பொருளாதாரச் சீர்திருத்தத்தின் மூளையான ரெஜோ நியெர்ஷைக் கட்சித் தலைமைப் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள்.

கடைகள் நிறைந்திருந்ததற்கு மேற்கத்திய வங்கிகளின் கடனும் ஒரு காரணம், அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1980-களின் இறுதியில் தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால், சோவியத் அணியிலேயே அதிகக் கடன் ஹங்கேரிக்குத்தான். 1988 மே மாதம் கட்சியே அவரை ஓரங்கட்டிவிட்டு காரோய் குரோஸைக் கொண்டுவந்தது.

1989 ஏப்ரலில், உடலும் மனமும் தளர்ந்த நிலையில், மத்தியக் குழு முன் கடைசியாகப் பேசினார். தொடர்பற்ற பேச்சு, ஆனால் திரும்பத் திரும்ப 1956-ஐயும் தன் பொறுப்பையும் சுற்றியே போனது. ஜூன் 16 அன்று நாகியின் உடலை மறுபடி அடக்கம் செய்தபோது புடாபெஸ்டில் பெருங்கூட்டம். ஜூலை 6 அன்று உச்ச நீதிமன்றம் நாகி குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. காதார் இறந்ததும் அதே நாளில்தான். ஒரு வாரம் கழித்து அவர் இறுதி ஊர்வலத்துக்கும் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். இரண்டு கூட்டங்களுக்கும் போன ஆட்கள் சிலராவது இருந்திருப்பார்கள்.