நாத்திக நண்பரிடம் சுவிசேஷம் பேசலாமா? – கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டச் சபைகளின் வாலிபர் கூடுகையில் பெட்டியில் விழுந்த சீட்டுகளில் பாதிக்குத்தான் அன்றைக்குப் பதில் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பெயர் வேண்டாம், ஊர் போதும். நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன், சபையில் ஞாயிறு பள்ளி எடுப்பவன். எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப் பேர் தோழர்கள், கறுப்புச் சட்டைக்காரர்கள். மதிய சாப்பாட்டோடு கடவுள் உண்டா இல்லையா என்ற வாதமும் தினம் நடக்கும்.

பாலக்கோடு, கல்லூரி மாணவி: என் ஹாஸ்டல் அறைத்தோழி திராவிடர் கழகக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்தே சாமி கும்பிடாதவர்கள். அவளிடம் இயேசுவைப் பற்றிப் பேசாமல் இருப்பது தப்பா ஐயா? பேசினால் நட்பு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பேசும்மா. ஆனால் முதலில் அவள் கேட்கட்டும். 1 பேதுரு 3:15 நம் எல்லாருக்கும் மனப்பாடம், ஆனால் பாதி வசனம்தான். "உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்பதை விடாமல் பிடித்துக்கொள்கிறோம். "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்", "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்று அதே வசனத்தில் இருப்பது வாயில் வருவதில்லை.

ஒரே அறையில் இருக்கிறீர்கள். ராத்திரி நீ முழங்காலில் நிற்பதை அவள் பார்க்காமலா இருப்பாள்? ஒருநாள் கேட்பாள். அன்றைக்கு வசனங்களை அடுக்காதே. உனக்கு இது ஏன் உண்மையாகப் படுகிறது என்று உன் பேச்சில் சொல். பிறகு நீயும் கேள்: உங்கள் வீட்டில் இது எப்படி வந்தது? மூன்று தலைமுறையாகச் சாமி கும்பிடவில்லை என்றால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கும். தேர் ஓடும் தெருவில் தாத்தாவைச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கச் சொன்ன கதையாகக்கூட இருக்கலாம். அதைக் கேட்டுவிட்டுத்தான் நம் பேச்சு.

பவுல் அத்தேனே பட்டணத்தில் என்ன செய்தார் என்று அப்போஸ்தலர் 17இல் பார். முதலில் ஊரைச் சுற்றிப் பார்க்கிறார். எப்பிக்கூரர், ஸ்தோயிக்கர் என்ற தத்துவக் கூட்டத்தாரோடு வாதிக்கிறார். மார்ஸ் மேடையில் நின்று பேசும்போது மோசேயையும் ஏசாயாவையும் எடுக்கவில்லை, அந்த ஊர்க்காரர்களுடைய புலவர்கள் சொன்னதை எடுத்துப் பேசுகிறார். சிலர் கேலி செய்தார்கள். சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள். சிலர் நம்பினார்கள். பவுல் புறப்பட்டுப் போய்விட்டார். கேலி செய்தவர் வீட்டுக் கதவை மறுநாள் போய்த் தட்டவில்லை.

ஓசூர், சிப்காட் தொழிற்சாலை சூப்பர்வைசர்: என் லைனில் இரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் கடவுளே இல்லை என்பவர்கள். அவர்கள் லாக்கரில் சுவிசேஷக் கைப்பிரதி (துண்டுப் பிரசுரம்) வைக்கிறேன். சட்டப்படி பிரச்சினை வருமா?

சட்டத்தை அப்புறம் பார்க்கலாம் தம்பி. அவர்களுடைய ஓ.டி. யார் கையில்? லீவு யார் கையில்? அடுத்த மாதம் ஒப்பந்தம் நீளுமா என்று கான்ட்ராக்டர் யாரைக் கேட்பார்? உங்களைத்தான். அப்படியிருக்க அவர்கள் கைப்பிரதியைப் படித்துவிட்டு "நல்லா இருக்கு சார்" என்றால் அதற்கு என்ன மதிப்பு? இன்றைக்கே நிறுத்துங்கள். கேன்டீனில் அவர்களாகக் கேட்டால் பேசுங்கள், அதுவும் ஷிஃப்ட் முடிந்த பிறகு.

இனி சட்டம். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உள்ள உரிமையையும் தருகிறது. அது பொது ஒழுங்கு, நன்னெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டது. பரப்பும் உரிமை என்றால் உன் கொள்கையை எடுத்துச் சொல்லும் உரிமை, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. கர்நாடகத்தில் 2022இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். நீங்கள் ஓசூர்க்காரர், அத்திப்பள்ளிக்குப் போனாலே வேறு மாநிலம் என்பது நினைவில் இருக்கட்டும்.

ஊத்தங்கரை: "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்" என்ற வசனத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். நாத்திகரான என் மாமா அதைப் பார்த்ததிலிருந்து பேசுவதில்லை. வேதத்தில் உள்ளதைத்தானே வைத்தேன்?

மாமா பார்க்கட்டும் என்றுதானே வைத்தீர்கள்? 14ஆம் சங்கீதம் ஏழே வசனம், முழுக்கப் படியுங்கள். அந்த மதிகேடர்கள் என்ன செய்கிறார்கள் என்று நாலாம் வசனம் சொல்கிறது: அப்பத்தைத் தின்பதுபோல ஜனங்களைத் தின்கிறார்கள். ஆறாம் வசனத்தில் சிறுமைப்பட்டவனை அலட்சியம் பண்ணுகிறார்கள். கேட்க ஆள் இல்லை என்ற தைரியத்தில் ஏழையை விழுங்குகிறவனைப் பற்றிய பாட்டு அது. மீட்டர் வட்டிக்கு விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை முன் பெஞ்சில் உட்காருகிறவரை அது நன்றாகவே குத்தும். உங்கள் மாமா யாரையும் விழுங்கியதாகத் தெரியவில்லை. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிட்டது, நீங்கள் நேரில் போய்ப் பேசினால்தான் மீதி சரியாகும்.

பென்னாகரம்: நரகம் உண்டு என்று எச்சரிக்காமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் துரோகம் இல்லையா?

ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927இல் லண்டனில், தான் ஏன் கிறிஸ்தவன் இல்லை என்று ஓர் உரை நிகழ்த்தினார். நம்மூர்ப் பகுத்தறிவாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த உரை. மதத்துக்கு அடிப்படையே பயம்தான் என்பது அவர் கட்சி. இயேசுவின் குணத்தில் அவர் கண்ட பெரிய குறையும் நரகத்தைப் பற்றிய பேச்சுதான். நீங்கள் நரகத்தில் ஆரம்பித்தால் ரஸ்ஸலுக்குச் சாட்சி சொல்ல வந்த ஆளாகிவிடுவீர்கள். மறைக்கச் சொல்லவில்லை. பவுலும் அத்தேனேயில் நியாயத்தீர்ப்பைச் சொன்னார், பேச்சின் கடைசியில்.

அரூர்: என் நண்பன் கம்யூனிஸ்ட். கடவுள் உண்டா இல்லையா என்று அவன் வாதாடுவதே இல்லை. "உங்க சர்ச்ல சாதி இல்லையா, சொல்லு" என்று ஒரே கேள்விதான். என்ன பதில் சொல்வது?

இருக்கிறது என்று சொல்லுங்கள். வேறு எந்தப் பதிலும் அவனிடம் எடுபடாது, எடுபடவும் கூடாது.

நம் பத்திரிகைகளின் மணமகள் தேவை பகுதியை எடுத்துப் பாருங்கள். இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, ஜெபிக்கிற பெண் வேண்டும் என்று வரிசையாக வரும். அடுத்த வரியில் சாதிப் பெயர். தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலேயே நடுவில் சுவர் இருந்திருக்கிறது. இது நேற்று முளைத்ததும் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே அடியோடு விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாதியை விடுவதைவிட கோயிலை விடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

இன்னொரு பக்கமும் அவனுக்குத் தெரியட்டும். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி தகுதி இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. மதம் மாறிய தலித் குடும்பத்துக்கு இங்கே பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். ஊரில் காலனிக்காரன், சபையில் பின் பெஞ்ச், தாலுகா ஆபீஸில் பி.சி. அவரிடம் போய் கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று சொல்லத் துணிவு இருக்கிறதா? இல்லையென்றால் உங்கள் நண்பனிடமும் சொல்லாதீர்கள்.

கலாத்தியர் 3:28ஐ எடுத்துக் காட்டலாம்தான். யூதன், கிரேக்கன் என்ற வேறுபாடு இல்லை, எல்லாரும் ஒன்று என்கிறது. அவன் அடுத்துக் கேட்பான்: "உன் தங்கச்சிக்கு எங்க பார்க்கறீங்க?" அதற்குப் பதில் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வசனத்தை எடுங்கள். என் அனுபவத்தில் நம் பக்கத்து நாத்திகர்கள் தத்துவம் பேசி அப்படி ஆனவர்கள் குறைவு. எங்கேயோ யாரோ அவமானப்படுத்தினார்கள், அப்போது சாமியும் பூசாரியும் அவமானப்படுத்தியவன் பக்கம் நின்றார்கள். இந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டு அவனுக்குச் சுவிசேஷம் சொல்ல வழியே கிடையாது.

காரிமங்கலம், பிளஸ் டூ மாணவன்: பெருவெடிப்புக் கொள்கையைச் சொன்னதே ஒரு பாதிரியார்தான், அதனால் கடவுள் உண்டு என்று வாதாடலாமா சார்?

ஜார்ஜ் லெமேத்ர் பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதினார், ஆதி அணுவிலிருந்து எல்லாம் தொடங்கியது என்ற கருத்தை 1931இல் வைத்தார். அதுவரை சரி. ஆனால் 1951இல் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் இந்தக் கொள்கையைப் படைப்புக்கு ஆதாரம்போலப் பேசியபோது சங்கடப்பட்டவரே லெமேத்ர்தான். அறிவியல் வேறு, விசுவாசம் வேறு என்று கறாராக நின்ற மனிதர். அவரை வைத்தே வாதாடினால் அவர் உன் கட்சியில் நிற்க மாட்டார். முதலில் பரீட்சைக்குப் படி.

தர்மபுரி, ஒரு அப்பா: பெங்களூரில் ஐ.டி. வேலைக்குப் போன மகன், இனி நம்பவில்லை என்று சொல்லிவிட்டான். தினமும் வாக்குத்தத்த வசனம் அனுப்புகிறேன். படிக்கிறான், பதில் இல்லை.

ஐயா, அதே பேதுரு மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள். வசனத்துக்குக் கீழ்ப்படியாத கணவரை, போதனை இல்லாமல் நடக்கையாலேயே ஆதாயப்படுத்தலாம் என்று மனைவிமாருக்குச் சொல்கிறார். வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு அதுதான் வழி, மகனுக்கும் பொருந்தும். அவனுக்கு அந்த வசனங்கள் எல்லாம் சின்ன வயதிலிருந்தே தெரியும், ஞாயிறு பள்ளியில் பரிசு வாங்கியவனாகவும் இருப்பான். காலை மெசேஜை நிறுத்திவிட்டு, சாயங்காலம் போன் போட்டுச் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, எது உன்னை இப்படி ஆக்கியது என்று ஒரு தடவை கேட்டுவிட்டு, நடுவில் பேசாமல் முழுக்கக் கேளுங்கள். போதகர் செய்த ஏதோ ஒன்று வெளியே வரலாம். வந்தால் போதகருக்கு வக்காலத்து வாங்காதீர்கள்.

பாப்பாரப்பட்டி: நான் கடவுள் மறுப்பாளன், நண்பன் கூப்பிட்டதால் வந்தேன். வேண்டாம் என்று சொன்ன பிறகும் உங்கள் ஆட்கள் ஏன் விடுவதில்லை? ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நாங்கள் நாத்திக நோட்டீஸ் கொடுத்தால் சும்மா இருப்பீர்களா?

தோழர், தாராளமாகக் கொடுங்கள். 25ஆம் பிரிவின் மனச்சாட்சிச் சுதந்திரம் உங்களுக்கும்தான். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 51ஏ பிரிவும் சொல்கிறது. எனக்கு ஒரு நோட்டீஸ் வேண்டும், படித்துவிட்டுப் பதில் எழுதுவேன். எங்கள் ஆட்களில் சிலர் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். அவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஏன் சொல்கிறோம் என்பதற்கு உங்கள் பக்கத்து ஆள் ஒருவரே பதில் சொல்லியிருக்கிறார். பென் ஜில்லெட் என்ற அமெரிக்க மேஜிக் கலைஞர், உறுதியான நாத்திகர். நிகழ்ச்சி முடிந்ததும் ஒருவர் வந்து அவருக்கு ஒரு சிறு புதிய ஏற்பாட்டைக் கொடுத்தாராம். நித்திய ஜீவன் உண்டென்று நம்பிக்கொண்டே அதை எனக்குச் சொல்லாமல் இருக்க ஒருவர் என்னை எவ்வளவு வெறுக்க வேண்டும் என்று ஜில்லெட் கேட்டார். வந்தவர் கண்ணைப் பார்த்து மரியாதையாகப் பேசினார் என்பதையும் சேர்த்தே சொன்னார். அதற்காக அவர் நாத்திகத்தை விட்டுவிடவில்லை, அது வேறு.

வேண்டாம் என்ற பிறகு விடாதது தவறு. கேளாத வீட்டைவிட்டுப் புறப்படும்போது கால் தூசியை உதறிவிட்டுப் போங்கள் என்று மத்தேயு 10:14இல் இருக்கிறது. போய்விடச் சொன்ன கட்டளை அது. மறுபடி யாராவது தொல்லை கொடுத்தால் இந்த வசனத்தை எடுத்து நீட்டுங்கள். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நாத்திகர் என்று பதிவானவர்கள் சுமார் 33 ஆயிரம் பேர்தான். சிறுபான்மையாக இருப்பது எப்படி என்று எங்களுக்கும் தெரியும்.

சூளகிரி: நாத்திக நண்பனுக்குச் சுயமரியாதைத் திருமணம். மேடையில் வாழ்த்திப் பேசக் கூப்பிடுகிறான். போகலாமா? சின்னதாக ஒரு ஜெபம் செய்யலாமா?

போங்கள். அண்ணா ஆட்சியில் 1967இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து செல்லுபடியாக்கிய திருமணம் அது, தயங்க ஒன்றுமில்லை. மேடை அவர்களுடையது, ஜெபம் வேண்டாம். மாப்பிள்ளை உங்களுக்கு எப்படிப்பட்ட நண்பன் என்று இரண்டு நிமிடம் பேசிவிட்டு, மைக்கைக் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போங்கள். ஜெபத்தை வீட்டில் செய்துகொள்ளலாம்.