நெட்வொர்க் பார்க்கிறதா, ஊகிக்கிறதா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

டிஜிட்டல் ஹோலோகிராபியில், அதாவது ஒளி அலைகளின் குறுக்கீட்டைச் சென்சாரில் பதிந்து கணினியில் படமாக மீட்கும் முறையில், டீப் லேர்னிங் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஒரு சந்தேகம். சென்சாரில் பதியாத ஒன்றை நியூரல் நெட்வொர்க் (உதாரணங்களைப் பார்த்துப் பழகும் கணினி நிரல்) எப்படித் திருப்பித் தர முடியும்? ஊகம்தான் என்றால், மருத்துவத்தில் அதை எப்படி நம்புவது?

ர., இயற்பியல் முதுகலை மாணவன்

அன்புள்ள ர.,

ஊகம்தான். ஆனால் வெறுங்கையோடு செய்கிற ஊகம் இல்லை.

சென்சாருக்கு ஒளியின் செறிவு மட்டுமே தெரியும், கட்டம் (phase, அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) தெரியாது. இதைச் சமாளிக்கத்தான் டென்னிஸ் காபோர் 1947இல் ஹோலோகிராபியைக் கண்டுபிடித்தார். பொருளில் பட்டுச் சிதறிய அலையும் சிதறாத அலையும் குறுக்கிடும்போது, கட்டம் வரிகளாகப் பதிவாகிவிடுகிறது. அந்தப் பதிவுதான் ஹோலோகிராம். லென்ஸ் இல்லாமல் எடுத்த இரத்தப் பூச்சின் (கண்ணாடியில் மெல்லியதாகத் தடவிய இரத்தத்தின்) ஹோலோகிராமைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பணு இருக்காது, குளத்தில் கல் விழுந்ததுபோல வளையத்துக்குள் வளையம் இருக்கும். கணக்குப் போட்டு மீட்டால் சிவப்பணு தெரியும். ஆனால் அதன் மேலேயே குவியாத இரட்டைப் பிம்பமும் (அதே அணுவின் மங்கலான நகல்) வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதை நீக்க, சென்சாரின் உயரத்தை மாற்றி மாற்றிப் பல ஹோலோகிராம்கள் எடுப்பது வழக்கம். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அய்டோகன் ஓஸ்கான் குழுவினர், 8 உயரங்களில் எடுத்து மீட்ட படங்களை விடையாகக் காட்டி நெட்வொர்க்கைப் பழக்கினார்கள். அதற்குப் பிறகு ஒரே ஹோலோகிராம் போதுமானதாக இருந்தது. 2018இல் வெளிவந்த ஆய்வு இது. இரத்தப் பூச்சிலும் மார்பகத் திசுவிலும் செய்து காட்டினார்கள்.

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. இரத்த அணுக்களை மட்டுமே பார்த்துப் பழகிய நெட்வொர்க்கிடம் மகரந்தத்தைக் கொடுத்தால், தனக்குத் தெரிந்த அணுவின் சாயலை அதில் ஏற்றிவிடலாம். படமோ பளிச்சென்று இருக்கும். பழைய முறையில் மீட்ட படம் கெட்டுப்போனால் வளையங்களே காட்டிக்கொடுத்துவிடும்; இதில் அந்த அடையாளம்கூட மிஞ்சாது. மருத்துவத்தில் இதை நான் மிகவும் கவலையோடு பார்க்கிறேன்.

சரி, சோதிக்க வழி உண்டா? உண்டு. கிடைத்த படத்திலிருந்து, ஒளி பரவும் விதியை வைத்து, ஹோலோகிராம் எப்படி வந்திருக்க வேண்டும் என்று திரும்பக் கணக்கிடுங்கள். பதிவானதோடு பொருந்தாவிட்டால் அந்தப் படத்தைத் தள்ளிவிடலாம். பொருந்திவிட்டாலும் போதாது, ஏனென்றால் வெவ்வேறு பொருள்கள் ஒரே ஹோலோகிராமைத் தரக்கூடும். அதனால் வேறொரு உயரத்தில் இன்னொரு ஹோலோகிராம் எடுத்து, அதை நெட்வொர்க்குக்குக் காட்டாமல் தனியே வைத்திருங்கள். அதனோடும் ஒப்பிட வேண்டும்.

லேசரும் ஒரு ஊசித்துளையும் லென்ஸ் கழற்றிய வெப்கேமராவும் கிடைத்தால், வெங்காயத் தோலை வைத்தே இதைத் தொடங்கிவிடலாம்.

அன்புடன்