டெகாத்லான் (பத்து தடகளப் போட்டி சேர்ந்த ஒரே போட்டி) வீரர்கள்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சவர் யாரு, ஏன்?

டான் ஓ'ப்ரையன், அமெரிக்கா. டேலி தாம்சன் பேரை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். 80 மாஸ்கோ, 84 லாஸ் ஏஞ்சலஸ்னு ரெண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கின ஆளு அவரு, சாதனைன்னு எடுத்தா அவருதான் மேல. ஆனா கேள்வி பிடிச்சவர் யாருன்னு தானே.

பிடிச்சதுக்குக் காரணம் என் சொந்தக் கதை. பிளஸ் ஒன் படிக்கிறப்ப மாவட்டப் போட்டில லாங் ஜம்ப். முதல் ஜம்ப் பவுல், அதாவது குதிக்கிற போர்டைத் தாண்டிக் கால் வச்சுட்டேன், ரெண்டாவதும் பவுல், மூணாவது நல்லா தூரம் போச்சு, மணல்ல இருந்து எந்திரிச்சு டவுசரைத் தட்டிக்கிட்டே திரும்பிப் பாக்குறேன், போர்டு பக்கத்துல உக்காந்திருந்தவர் கையில சிவப்புக் கொடி. பேப்பர்ல என் பேருக்கு நேரா மூணு பெருக்கல் குறி, அவ்ளோதான், தூரம்னு ஒரு நம்பர் கூட கிடையாது. பஸ்ல வரும்போது பி.டி. சார் திட்டல, "ஒரு ஜம்ப்பாச்சும் ஒரு அடி பின்னாடி இருந்தே குதிச்சிருக்கலாம்லடா"ன்னு மட்டும் சொன்னாரு. அதுக்குத் திட்டியே இருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வரேன். டெகாத்லான்னா ரெண்டு நாள், பத்து ஐட்டம். முதல் நாள் 100 மீட்டர், லாங் ஜம்ப், ஷாட் புட், ஹை ஜம்ப், 400 மீட்டர். மறுநாள் 110 மீட்டர் ஹர்டில்ஸ், டிஸ்கஸ், போல் வால்ட் (கம்பு ஊனித் தாண்டுறது), ஜாவ்லின், கடைசியா எல்லாரும் பயப்படுற 1500. ஒவ்வொண்ணுலயும் யாரை ஜெயிச்சோம்ங்கிறது கணக்கு இல்ல, எவ்ளோ நேரம், எவ்ளோ தூரம்னு பாத்து ஒரு டேபிள் வச்சு பாயிண்ட் போடுவாங்க, பத்தையும் கூட்டி யாருக்கு அதிகமோ அவங்க ஜெயிச்சாங்க. ஒண்ணுல சுமாரா பண்ணாலும் இன்னொண்ணுல பிடிச்சிடலாம், ஆனா ஒண்ணுல முட்டை வாங்கினா கதை முடிஞ்சுது.

ஓ'ப்ரையன் 1966ல ஓரிகன் மாநிலம் போர்ட்லாண்ட்ல பொறந்தவரு. அப்பா கறுப்பின அமெரிக்கர், அம்மா ஃபின்லாந்து வம்சாவளி, ரெண்டு வயசுல தத்துக் குடுத்துட்டாங்க. கிளாமத் ஃபால்ஸ்னு ஒரு ஊரு, அங்க இன்னும் சில பிள்ளைகளையும் தத்தெடுத்து வளர்த்த ஒரு குடும்பம் இவரையும் வளர்த்துச்சு. விளையாட்டுக்காகவே ஐடஹோ யுனிவர்சிட்டில ஸ்காலர்ஷிப் கிடைச்சுது, அதையும் ஒழுங்கா வச்சுக்கல, குடி, ஊர் சுத்தல், கிளாஸ் பக்கமே போறதில்ல, ஃபெயிலாகி ஸ்காலர்ஷிப்பும் போச்சு. அப்புறம் ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல சேந்து படிப்பைச் சரிபண்ணிட்டுத் திரும்பி வந்தாரு. நம்ம ஊர்ல ஊருக்கு நாலு பேர் இப்படி இருப்பாங்க, "திறமை இருக்கு, ஆனா பய உருப்பட மாட்டான்"னு சொல்லுவாங்களே அந்த டைப்.

ஆனா உருப்பட்டாரு. 1991 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்ல 8812 பாயிண்ட் எடுத்துத் தங்கம். அடுத்த வருசம் பார்சிலோனா ஒலிம்பிக். ரீபாக் கம்பெனி கோடி கோடியா கொட்டி "டான் & டேவ்"னு ஒரு விளம்பரம் ஓட்டினாங்க. டான்னா இவரு, டேவ்னா டேவ் ஜான்சன், இவரும் அமெரிக்க டெகாத்லான் வீரர்தான். உலகத்துலயே பெரிய அத்லெட் யாரு, டானா டேவா, பார்சிலோனால தெரிஞ்சிடும்னு டிவி முழுக்க இதே பேச்சு. டெகாத்லான்னா என்னன்னே தெரியாத ஜனங்க கூட ரெண்டு கட்சியா பிரிஞ்சு நின்னாங்க.

இதுல ஒரு சிக்கல், அமெரிக்கால எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் ஒலிம்பிக் போகணும்னா டிரையல்ஸ்ங்கிற தகுதிப் போட்டில முதல் மூணு பேருக்குள்ள வந்தே ஆகணும், உலக சாம்பியன்னு சொல்லி யாரும் டிக்கெட் குடுக்க மாட்டாங்க. நியூ ஆர்லியன்ஸ்ல டிரையல்ஸ். ஏழு ஐட்டம் முடிஞ்சப்ப ஓ'ப்ரையன் உலக சாதனை போற வேகத்துல போயிட்டு இருந்தாரு. எட்டாவது போல் வால்ட். கீழ இருந்த உயரங்களை எல்லாம் தாண்டிப் பாக்காமலே விட்டுட்டு நேரா 4.80 மீட்டர்ல இறங்கினாரு. முதல் தடவை மிஸ். ரெண்டாவது மிஸ். மூணாவதும் மிஸ். பூஜ்யம். ஒலிம்பிக் போச்சு.

திமிர்ல 4.80ல இறங்கிட்டாருன்னு சில பேர் சொல்லுவாங்க, நான் ஒத்துக்க மாட்டேன். ரெண்டாவது நாள் எட்டாவது ஐட்டம், கால்ல தெம்பு எண்ணி எண்ணித்தான் செலவு பண்ணணும், சின்ன உயரத்தை எல்லாம் தாண்டிட்டு இருந்தா பெரிய உயரத்துக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதனால நல்லா தாண்டுறவங்க கீழ் உயரத்தை விடுறது சகஜம். ஆனா அன்னிக்கு அவருக்குத் தேவை சாதனை இல்ல, மூணாவது இடம் போதும். டேபிள்ல பாத்தீங்கன்னா 4.80க்கு 849 பாயிண்ட், 4.40க்கு 731. வித்தியாசம் வெறும் 118. ஒரே ஒரு தடவை 4.40 தாண்டி வச்சுக்கிட்டு அப்புறம் 4.80க்குப் போயிருந்தா ஃபிளைட் ஏறியிருப்பாரு. எங்க பி.டி. சார் சொன்ன அதே ஒரு அடி தான்!

விளம்பரத்தோட கதியை நினைச்சுப் பாருங்க, டான் இல்லாம டான் & டேவா. பார்சிலோனால டேவும் பாதத்து எலும்புல விரிசலோட ஆடி வெண்கலம் தான் வாங்கினாரு, தங்கம் செக்கோஸ்லோவாக்கியாவோட ராபர்ட் ஸ்மேலிக்குக்கு. உலகத்துலயே பெரிய அத்லெட் டானும் இல்ல, டேவும் இல்லன்னு ஆயிடுச்சு.

எனக்கு அவரைப் பிடிச்சது இதுக்கப்புறம் தான். ஒலிம்பிக் முடிஞ்சு ஒரு மாசம் கூட ஆகல, செப்டம்பர்ல பிரான்ஸ்ல போர்டோ பக்கத்துல தலான்ஸ்னு ஒரு சின்ன ஊரு, அங்க வருசா வருசம் ஒரு டெகாத்லான் நடக்கும். அங்க போய் 100 மீட்டர் 10.43, லாங் ஜம்ப் 8.08, போல் வால்ட்ல சரியா 5 மீட்டர். மொத்தம் 8891, தாம்சனோட 8847ஐத் தாண்டி உலக சாதனை. இத்தனைக்கும் 1500ல 4 நிமிஷம் 42 செகண்ட், 667 பாயிண்ட் தான். அந்த ஓட்டம் அவருக்குக் கடைசி வரைக்கும் வேப்பங்காய் தான்.

அடுத்தது கடகடன்னு நடந்துச்சு, 93 ஸ்டுட்கார்ட், 95 கோத்தன்பர்க்னு இன்னும் ரெண்டு உலகப் பட்டம், 96ல சொந்த நாட்டுலயே அட்லாண்டா ஒலிம்பிக் தங்கம், 8824 பாயிண்ட். உலக சாதனை 1999ல தோமாஷ் த்வோர்ஷாக் 8994 எடுக்குற வரைக்கும் இவரு கையில தான் இருந்துச்சு.

தலான்ஸ் பத்தி இன்னொண்ணு சொல்லியே ஆகணும். 2018ல பிரான்ஸோட கெவின் மேயர் பெர்லின் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்ல 100 மீட்டர் அருமையா ஓடிட்டு, ரெண்டாவது ஐட்டம் லாங் ஜம்ப்ல மூணும் பவுல் (ஆமா, லாங் ஜம்ப்! படிச்சப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது). அடுத்த மாசமே அதே தலான்ஸ், 9126 பாயிண்ட், உலக சாதனை. முட்டை வாங்கினவங்களுக்குன்னே நேர்ந்து விட்ட ஊரு போல.

கமெண்ட்ல யாராச்சும் நம்ம ஆளுங்க இல்லையான்னு கேப்பீங்க, இருக்காங்க. தேஜஸ்வின் சங்கர், டெல்லில வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன், ஹை ஜம்ப்ல இருந்து வந்து ஹாங்சோ ஆசிய விளையாட்டுல டெகாத்லான் வெள்ளி வாங்கினாரு, 7666 பாயிண்ட். அவரைப் பத்தித் தனியா எழுதணும்.

அட்லாண்டா கணக்கைப் பாத்தப்ப ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. வெள்ளி வாங்கின ஜெர்மனிக்காரர் ஃபிராங்க் பூஸ்மான் 8706. ஓ'ப்ரையன் 8824. கழிச்சுப் பாருங்க, 4.80க்கும் 4.40க்கும் நடுவுல இருந்த அதே 118.