கொச்சி யூதர்கள்: கேட்டதும் சொன்னதும்

கோவை வாசகர்: சனி, ஞாயிறு கொச்சி வருகிறோம். சனிக்கிழமை மட்டாஞ்சேரி ஜெப ஆலயம், மறுநாள் ஆலப்புழை. சரிதானே?

மாற்றிப் போடுங்கள். சனி யூதர்களுக்கு ஓய்வு நாள், ஆலயம் திறக்காது. வெள்ளி மதியத்துக்கு மேலும் பார்வையாளர்களை விடமாட்டார்கள். யூதப் பண்டிகை நாள்களிலும் அதே கதைதான்.

மதுரை வாசகி: தரை ஓடுகள் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காதாமே?

அப்படித்தான் சொல்வார்கள். 18-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்தவை, கையால் வரைந்தவை. குனிந்தபடியே திரும்பிவிடாதீர்கள். மாடியில் பெண்கள் பகுதிக்கு முன்னால் இரண்டாவதாக ஒரு வாசிப்பு மேடை இருக்கும். அது கேரள ஜெப ஆலயங்களின் தனி அடையாளம். செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும்.

சென்னை வாசகர்: 1568-இல் கட்டிய கோயில் என்றால், கேரளத்தின் முதல் யூதர்கள் இவர்கள்தானா?

இல்லவே இல்லை. இது 'பரதேசி' ஜெப ஆலயம், அதாவது வெளியிலிருந்து வந்தவர்களுடையது. ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமிருந்து துரத்தப்பட்டவர்களும் மேற்கு ஆசியாவிலிருந்து வந்தவர்களும் கட்டியது. அவர்களுக்கு முன்பே மலபார் யூதர்கள் இங்கே இருந்தார்கள். சேந்தமங்கலத்தில் 1269-ஆம் ஆண்டு எபிரேயக் கல்லறைக் கல் இருக்கிறது. அதற்கும் முன்னால், கி.பி. 1000 வாக்கில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு. வட்டெழுத்தில் இருக்கும். பகல் விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), குடை, வடுகப்பறை என்ற முரசு என்று 72 உரிமைகள். கடைசிவரை இருந்த எட்டு ஜெப ஆலயங்களில் ஏழு மலபார் யூதர்களுடையவை. மட்டாஞ்சேரியோடு திரும்புகிறவர்கள் எட்டில் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். வட பரவூருக்கும் சேந்தமங்கலத்துக்கும் போங்கள்.

நெல்லை வாசகர்: கறுப்பு யூதர், வெள்ளை யூதர் என்று பிரித்தது வெள்ளைக்காரன்தானே?

மலபார் யூதர்களைக் கறுப்பு என்றும் பரதேசிகளை வெள்ளை என்றும் சொல்வார்கள். ஆங்கிலேயன் வருவதற்கு முன்பே பிரிந்தாயிற்று. 16-ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இருந்த யூத மதகுரு (ரபி) தாவீது பென் சிம்ராவிடம் கொச்சியிலிருந்து இதைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். முறைப்படி சடங்கு முழுக்கு முடிந்தால் ஒதுக்கப்பட்டவர்களும் முழு யூதர்கள், பெண் கொடுக்கலாம் எடுக்கலாம் என்றார் அவர். யார் கேட்டார்கள்? பரதேசிகளிடம் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் வாரிசுகள் பரதேசி ஆலயத்தின் முன்கூடத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. யூத வேதமான தோராவை வாசிக்க அவர்களை அழைப்பதில்லை. அந்தப் பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் (1882–1967) ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று பேர் வாங்கினார். தடைகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலகின.

அதே வாசகர்: யூத மதத்தில் சாதி கிடையாது. நம் ஊர் சாதி போய் ஒட்டிக்கொண்டது.

பாதி சரி. ஆனால் அடிமைகளை வைத்திருந்தது பரதேசிகள், வம்சப் பெருமை ஸ்பெயினிலிருந்தே கூட வந்தது. பழி முழுவதையும் நம் மண் மேல் போட முடியாது.

அதே வாசகர்: அப்படியானால் ஒரு சமூகத்தையே குறை சொல்கிறீர்கள்.

சேலமும் அந்தச் சமூகம்தான் ஐயா. அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஈரோடு வாசகர்: சனிக்கிழமை காலையில் மட்டுமாவது திறப்பார்களா?

முதல் பதில்.

தஞ்சை வாசகி: எல்லோரும் எங்கே போனார்கள்?

பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்கு. நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் என்ற ஊரை நம் கொச்சிக்காரர்கள் நிலைநிறுத்தினார்கள். மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஆலயத்தின் உட்புற மரவேலை இப்போது ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சேலம் வாசகர்: ஆலயத்தை ஒட்டிய ஜூ டவுன் கடைகளில் யூதர் வீட்டுப் பழம்பொருள் கிடைக்குமா?

கடைக்காரர்களில் யூதர் இல்லை. 'யூதர் வீட்டுச் சாமான்' என்று சொன்னால் அந்தப் பேச்சுக்கும் சேர்த்து விலை வைத்திருப்பார்கள். மிளகு வாங்குங்கள்.