கொட்டகையில் கிடக்கும் 1969 கமாரோவுக்கு 30,000 டாலர் கொடுக்கலாமா?

கேள்வி: ஒஹாயோவில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா, காலமான தன் கணவரின் 1969 ஷெவர்லே கமாரோவை விற்கிறார். பல வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. இன்ஜின் ஜாம், அடியில் துரு. "இது எஸ்எஸ், ஒரிஜினல் இன்ஜின்" என்று சொல்லி 30,000 டாலர் கேட்கிறார். வின் நம்பர் (காரின் அடையாள எண்) 124379என் என்று தொடங்குகிறது, ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்ளே உட்காரும் பகுதிக்கும் நடுவில் உள்ள தடுப்பு) இருக்கும் தகட்டில் எக்ஸ்11 என்று இருக்கிறது. வாங்கி ரெஸ்டோர் செய்தால் போட்ட பணம் திரும்புமா?

பதில்: இன்ஜின் ஜாம் ஆனதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், ஷெவர்லேயின் எட்டு சிலிண்டர் வி8 இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் அமெரிக்காவில் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இந்தக் காரின் விலையைத் தீர்மானிக்கப் போவது இரண்டு விஷயங்கள்: அது உண்மையில் எஸ்எஸ்தானா (சூப்பர் ஸ்போர்ட், அதாவது வேகத்துக்கான பேக்கேஜோடு வந்த கமாரோ), துரு தின்றது போகத் தகரம் எவ்வளவு மிச்சம்.

உங்கள் வின் நம்பரில் 124 என்றால் வி8 போட்டு வந்த கமாரோ (ஆறு சிலிண்டர் என்றால் 123), 37 என்றால் கூப்பே, 9 என்பது 1969 மாடல், என் என்பது உங்கள் மாநிலத்திலேயே இருந்த நார்வுட் தொழிற்சாலை. அதற்கு மேல் அது ஒன்றும் சொல்லாது. எஸ்எஸ் ஒரு ஆப்ஷன் பேக்கேஜ், வின்னில் வராது. இதுவே அந்தக் காலத்து டாட்ஜ், பிளைமவுத், மஸ்டாங் என்றால் ஐந்தாவது எழுத்தே இன்ஜின் எது என்று காட்டிக்கொடுத்துவிடும், போன்டியாக் என்றால் பிஎச்எஸ் நிறுவனத்திடம் பணம் கட்டிப் பழைய பதிவின் நகலை வாங்கிவிடலாம், 1967 முதல் வந்த ஃபோர்டுகளுக்கு, தொழிற்சாலைப் பதிவிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. அமெரிக்காவில் விற்ற அக்கால ஷெவர்லேக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் போலி எஸ்எஸ் கமாரோக்கள் இத்தனை. பேட்ஜ் ஒட்ட ஒரு மத்தியானம் போதுமே!

எக்ஸ்11 பாதி நல்ல செய்திதான். நார்வுட்டில் 1969 மாடலில் கொஞ்ச காலம் கழித்து இந்த எக்ஸ் எண்களை அடிக்க ஆரம்பித்தார்கள். எக்ஸ்55 என்றால் எஸ்எஸ் 350, எக்ஸ்66 என்றால் எஸ்எஸ் 396 (350, 396 என்பது கன அங்குலத்தில் இன்ஜின் அளவு), எக்ஸ்77 என்றால் பந்தயத்துக்காக வந்த இசட்/28 கமாரோ. எக்ஸ்11 மட்டும் இரண்டு பக்கமும் பேசும்: வெளி அலங்காரப் பேக்கேஜ் எடுத்த எஸ்எஸ் 350-ஆகவும் இருக்கலாம், அதே அலங்காரத்தோடு வந்த சாதாரண கமாரோவாகவும் இருக்கலாம். அந்த அம்மா பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை, கணவர் சொன்னதை அவர் சொல்கிறார்.

அடுத்து இன்ஜின். பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கிலேயே ஒரு சின்னத் தட்டையான இடம் இருக்கும். அங்கேயோ ஆயில் ஃபில்டர் பக்கத்திலோ 19என் என்று தொடங்கி ஆறு இலக்கம் அடித்திருக்க வேண்டும், அந்த ஆறும் உங்கள் வின்னின் கடைசி ஆறோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், அடித்திருக்கும் பரப்பையும் பாருங்கள். தொழிற்சாலையில் சீவிய பரப்பில் முன்னிருந்து பின்னாக மெல்லிய நேர்க்கோடுகள் தெரியும். கிரைண்டர் சுழித்த தடமோ கண்ணாடிபோல வழவழப்போ இருந்தால், ஒன்று பிளாக்கைச் சீவியிருக்கிறார்கள், அல்லது எண்ணைப் பிற்பாடு அடித்திருக்கிறார்கள். பின் ஆக்சில் மூடியில் 12 போல்ட் இருக்கிறதா, முன்னால் டிஸ்க் பிரேக்கா என்றும் பாருங்கள். எஸ்எஸ்ஸில் இரண்டும் உண்டு. ஆனால் இவை பிற்பாடு மாட்டக்கூடியவை, துணைச் சாட்சி அவ்வளவுதான்.

இப்போது துரு. குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டும் மாநிலம் உங்களுடையது, ஆகவே மேல் பெயின்ட்டை நம்பாதீர்கள். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பின் சக்கரத்துக்கு மேலும் பின்னும் நகர்த்துங்கள், பிடி விட்டுப்போகிற இடத்தில் எல்லாம் பட்டி. டிக்கியைத் திறந்து உள்பக்கமாகப் பாருங்கள். பின் கண்ணாடியின் கீழ் மூலைகள், கதவுக்குக் கீழே ராக்கர் என்ற நீளப் பட்டை, தரை, இன்ஜினைத் தாங்கும் முன்புறச் சட்டமான சப்ஃபிரேம் பாடியோடு சேரும் இடம் எல்லாவற்றிலும் ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால் தட்டுங்கள். அப்புறம் பலரும் மறக்கிற இடம், முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகிற கிரில். அதில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே கால் வைக்கும் இடத்தில் சொட்டினால் கவுல், அதாவது அந்தக் கிரிலுக்கு அடியில் உள்ள தகரப் பகுதி, ஓட்டை, அதை மாற்றுவது பெரிய அறுவை. ஒரு ஆறுதல், 1969 கமாரோவுக்குப் புதுத் தகரம் எல்லாமே கிடைக்கும், முழு பாடியே புதிதாகச் செய்து விற்கிறார்கள். செலவு தகரத்தில் இல்லை, டிங்கரிங் கூலியில் இருக்கிறது.

சரி, கணக்கு. முழு ரெஸ்டோரேஷன் 1,000 மணி நேரம் என்பது சாதாரணம். மணிக்கு 100 டாலர் என்று வைத்தால் கூலியே ஒரு லட்சம் டாலர், உதிரிபாகம் தனி. முடித்த எஸ்எஸ் 350 ஒன்று 70,000-க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், காரை இனாமாகக் கொடுத்தாலும் நஷ்டம். 1969-இல் மொத்தம் 243,085 கமாரோ செய்தார்கள், எஸ்எஸ் 350 அபூர்வச் சாமான் கிடையாது. மொத்தமே 69 கார்கள் மட்டும் செய்த இசட்எல்1 வகைக் கமாரோ என்றால் இந்தப் பேச்சே வேறு. எனவே வேலையில் பெரும்பகுதியை நீங்களே செய்வீர்கள் என்றால் மட்டும் வாங்குங்கள், லாபத்துக்கு என்றால் வேண்டாம்.

விலைக்கு இணையத்தில் "விற்பனைக்கு" என்று போட்டிருக்கும் தொகையைப் பார்க்காதீர்கள், அது ஆசை. மீகம், பிரிங் எ டிரெய்லர் ஏலங்களில் விற்று முடிந்த தொகையைப் பாருங்கள், அதுவும் இதே மாதிரி ஓடாத கார்களுக்கு. பழைய கார்களுக்கு நிலைவாரியாக விலை போடும் ஹேகர்டி பட்டியலில் கடைசியான நான்காம் நிலைகூட ஓடுகிற காருக்குத்தான், உங்களுடையது அதற்கும் கீழே.

என் யோசனை, சாதாரண வி8 கமாரோவின் ப்ராஜெக்ட் விலையிலிருந்து (ஓடாமல், ரெஸ்டோர் செய்ய வேண்டிய நிலையில் விற்கும் விலை) பேரத்தைத் தொடங்குங்கள். இன்ஜின் எண் ஒத்துப்போனால் கொஞ்சம் ஏறலாம். பெட்ரோல் டேங்குக்கு மேலேயோ சீட் ஸ்பிரிங்கிலோ தொழிற்சாலை பில்ட் ஷீட் (காரில் என்னென்ன மாட்ட வேண்டும் என்று எழுதிய தாள்) சிக்கி, அதில் எஸ்எஸ் இருந்தால் இன்னும் ஏறலாம். டைட்டில் (காரின் உரிமைப் பத்திரம்) கணவர் பெயரில் இருந்தால் முதலில் அந்த அம்மா பெயருக்கு மாறட்டும், ஒஹாயோவில் விற்பவர் நோட்டரி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும், அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எண்ணைப் பார்க்கப் போகும்போது டார்ச்சும் பிரேக் கிளீனரும் கொண்டு போங்கள். உப்புத்தாளால் மட்டும் தேய்த்துவிடாதீர்கள், அந்தக் கோடுகள் போனால் அது ஒரிஜினல் என்று நாளைக்கு நீங்களே நிரூபிக்க முடியாது.